தோலுறை மாட்டிய கை

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதுதான் வினையாகப் போயிற்று.

அதுவரை ஆள் எட்டாத உயரத்தில் புகை குடித்துக்கொண்டு தொங்கிய படம் அது. தொப்பி போட்ட ஆட்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். அதில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிற ஆள்தான் தன் ஓரகத்தி சென்னியம்மாளின் புருஷன், ஆடி வெள்ளத்தில் ஆற்றோடு போன பச்சமுத்து என்று, வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பெருமாயி கேட்டிருந்தாள். கும்பிடு என்றார்கள், கும்பிட்டாள். பச்சமுத்துவை அவள் கண்ணால் கண்டதில்லை. அவன் போன பிறகுதான் அவன் தம்பி சடையனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

வெள்ளையடித்த அன்று படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். தொப்பி நிழலில் முகம் பாதி கறுத்துக் கிடந்தது. ஆனால் காது தெரிந்தது. மேல் மடல் உள்பக்கமாக மடங்கின காது. தினமும் அவள் தலைமாட்டில் பார்க்கிற காது.

"ஏனுங்க, இது நீங்கதானே?"

"அண்ணந்தம்பிக்கு ஒரே மாதிரி காது இருக்கப்படாதா?" என்று சொல்லிவிட்டுச் சடையன் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கட்டால் போய்விட்டான்.

இல்லை என்று மட்டும் அவன் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல்தான் அன்றிலிருந்து பெருமாயியை உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனக் கட்டை கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரே வாசல், இரண்டு அறை. நடுவில் ஒரு மண்சுவர். சென்னியம்மாள் இருமினால் பெருமாயிக்குத் தெரியும். பெருமாயி முணுமுணுத்தால் சென்னியம்மாளுக்குத் தெரியும்.

பெருமாயி கதவோரமாக நின்று பார்த்தாள். வெள்ளைச் சீலை முக்காட்டை ஒதுக்கிவிட்டு, முக்காலிமேல் ஏறி, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, படத்துக் கண்ணாடியில் அந்த ஒரு முகத்தின் நெற்றியில் வைத்தாள் சென்னியம்மாள். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் அழுத்தினாள்.

தன் புருஷன் நெற்றியில் இன்னொருத்தி விரல். 

"பெருமாயி, கம்மஞ்சோறு கரைச்சிருக்கேன். ஒரு வாய் குடிச்சுட்டுப் போ சாமி."

"பசிக்கலீங்க அக்கா," என்று கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பெருமாயி விறுவிறுவென்று கொடிக்காலுக்கு நடந்தாள்.

சேலம் ஜில்லா வேலூர்ப் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்களுக்குக் கட்டை விரலில் ஒரு இரும்பு நகம் உண்டு. சோத்தாங்கைக் கட்டை விரலில் அதை மாட்டிக்கொண்டால் காம்பு பூப்போல வந்துவிடும். அன்றைக்குப் பெருமாயி கிள்ளினதில் பாதி இலை கிழிந்தது.

"ஏம் புள்ள, நீ வெத்தலையக் கிள்ளறியா, யாரு கழுத்தையாச்சும் திருகறியா?" என்றாள் அடுத்த பாத்தியில் நின்ற ராமாயி.

"கையி அது பாட்டுக்குப் போகுதக்கா."

"உன்ற ஓரகத்தி காலைல எங்கூட்டுச் செடியில பூப் பறிச்சுட்டுப் போனா. செத்தவனுக்கு இத்தனை பூ வெக்கிறவ இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்ல. எங்கூட்டுக்காரன் உசுரோட இருக்கான், நானு ஒரு பூ வெச்சதில்ல."

"வெச்சுப் பாக்கறதுதானே."

"வெச்சா, கூட நாலு பஜ்ஜி எங்கடீம்பான்."

பக்கத்துப் பாத்தியெல்லாம் சிரித்தது. பெருமாயி சிரிக்கவில்லை. இலையை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, நீங்க அவரைப் பாத்திருக்கீங்கல்ல. பச்சமுத்து மாமனை."

"பாக்காம என்ன. இதே கொடிக்கால்ல கிள்ளுனவன்தான். அணை கட்டற வேலைக்கு அண்ணனும் தம்பியுமாப் போனாங்க. அங்க கிரேன் ஓட்டற அமெரிக்கக்காரன் ஒருத்தன், கூலியாளுங்களச் சேத்து வெச்சு, தொப்பியும் கையில மாட்டற தோலும் குடுத்து, உருண்டக் கட்டையில பந்தடிக்கச் சொல்லிக் குடுத்தானாம். கட்டைப்பந்துன்னு இவனுங்க சொல்லுவானுங்க. ஊருக்கு வந்தும் அதே பேச்சுத்தான். அந்தப் படம் அப்ப புடிச்சது."

"ரெண்டு பேரும் ஒண்ணாட்டமேவா இருப்பாங்க?"

"பின்னால இருந்து பாத்தா நானே ஏமாந்திருக்கேன். கையப் பாத்துத்தான் ஆளைத் தெரிஞ்சுக்குவோம். பச்சமுத்துக்கு நொட்டாங்கை. இரும்பு நகத்தையே இடது கையிலதான் மாட்டுவான். படத்துலயும் பாரு, அந்தப் பொட்டு வெச்ச ஆளு தோலை நொட்டாங்கையிலதான் மாட்டியிருப்பான்."

பெருமாயிக்குச் சப்பென்று போய்விட்டது. ஊரே சாட்சி சொல்கிறது. கையே சாட்சி சொல்கிறது. ஒரு மடங்கின காதை வைத்துக்கொண்டு அவள் யாரோடு வழக்காடுவது?

உச்சிப் பொழுதில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு வாடகைச் சைக்கிள் நின்றது. கறுப்புக் கோட்டும் துருக்கித் தொப்பியும் போட்ட ஒரு மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேலத்துல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கேன் தாயி. கரீம் பாஷான்னு பேரு. இங்க பழைய பந்தாட்டப் படம் ஒண்ணு இருக்காமே?"

பெருமாயிக்கு முன்னால் சென்னியம்மாளே வெளியே வந்துவிட்டாள்.

"இருக்குதுங்க. விக்கிறதுக்கு இல்லைங்க."

"விக்க வேணாம்மா. பார்க்கக் குடுத்தாப் போதும்."

சண்டைக்காக வந்திருக்கிற அமெரிக்கப் பட்டாளத்து ஆபீசர் ஒருவர் அவருடைய ஸ்டூடியோவுக்குப் படம் கழுவ வந்தாராம். அவர்கள் தேசத்து ஆட்டம் அது. பேஸ்பால் என்று பெயராம். எந்த நாட்டில் எவன் அதை ஆடிப் படம் எடுத்திருந்தாலும் அதைச் சேர்த்து வைக்கிற பித்து அந்த ஆபீசருக்கு. நம் பக்கத்துக் கூலிக்காரர்கள் ஆடினார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் சோறு தண்ணி இல்லாமல் நச்சரிக்கிறாராம். எல்லாவற்றையும் பாஷா சிரித்துக்கொண்டே சொன்னார்.

படம் வாசலுக்கு வந்தது. பாஷா கயிற்றுக் கட்டிலில் துண்டை விரித்து, பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கி வைத்தார். பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். முதலில் முகங்களைப் பார்க்கவில்லை. பின்பக்க அட்டையைப் பார்த்தார். மூலையைத் தடவினார். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"அசல்தான். ஓரத்துல வெள்ளி பூத்திருக்கு பாருங்க, கண்ணாடியில பாதரசம் மாதிரி. பழைய படம் இப்படித்தான் பூக்கும். பார்த்துப் பார்த்து எடுத்த நகல்ல இது வராது. மூலையில பூச்சி அரிச்சிருக்கு, போகட்டும்."

"இதுக்கு மதிப்பு உண்டுங்களா?" என்று பெருமாயி கேட்டாள்.

"பேரு தெரியாத படத்துக்குக் கண்ணாடி விலையும் சட்ட விலையும்தான் தாயி. நிக்கிறவன் இன்னார்னு தெரிஞ்சாத்தான் படத்துக்கு மதிப்பு. தப்பான பேரைச் சொல்லிட்டோம்னு வைங்க, அந்தப் படம் இல்லாததைவிடக் கேடு."

பெருமாயி ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"இந்தப் பொட்டு வெச்சிருக்கிறவர் யாரும்மா?"

"எங்கூட்டுக்காரருங்க. நொட்டாங்கைக்காரரு. தோலை எந்தக் கையில மாட்டியிருக்காருன்னு பாருங்க, தெரியும்."

சொல்லும்போது சென்னியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், வெயிலில் வந்திருக்கீங்க, மோர் கொண்டாரேன் என்று உள்ளே போய்விட்டாள்.

பாஷா பூதக்கண்ணாடியை அந்தக் கைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். புருவம் சுருங்கிற்று.

"என்னங்க?" என்றாள் பெருமாயி, குரலை இறக்கி.

"ஒண்ணுமில்ல தாயி."

"சொல்லுங்க. நானும் இந்த ஊட்டுக்காரிதான். இதுல எங்க ஊட்டுக்காரரும் இருக்காரு."

பாஷா உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "இந்தத் தோலுறை வீசற கைக்கு இல்ல. பிடிக்கிற கைக்கு. பந்து கல்லு மாதிரி வரும், வெறுங்கையில பிடிச்சா விரல் பேந்துரும். அதுக்காக ஒரு கையில இதை மாட்டிக்கறது. வீசற கை வெறுங்கையாத்தான் இருக்கணும். இப்படி..."

ஆட்டுக்குத் தவிடு வைக்கிற கொட்டாங்குச்சி ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்து வலது கையில் கவிழ்த்துக்கொண்டார். இடது கையால் ஒரு மண்ணாங்கட்டியைப் பொறுக்கி வீசினார். அது எங்கேயோ போக நினைத்து எங்கேயோ போய், கூடையோரத்தில் படுத்திருந்த கோழிமேல் விழுந்தது. கோழி ஊரைக் கூட்டிற்று. பாஷா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எனக்கு இதைச் செஞ்சு காட்டுன ஆளுக்கு நல்லா வந்துச்சு. நமக்கு வரமாட்டேங்குது. படம் இந்த ஊர்ல இருக்குன்னு சொன்னதும் அந்த ஆளுதான்."

பெருமாயி கோழியையும் கேட்கவில்லை, அவர் பேச்சையும் கேட்கவில்லை. தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்ற மறந்த இரும்பு நகம் அதில் அப்படியே இருந்தது.

கருவியை வேலை செய்கிற கையில்தான் மாட்டுவார்கள். கொடிக்காலில் பிறந்து கொடிக்காலில் சாகிற சனத்துக்கு அதுதான் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஊர் முழுக்க அந்தப் படத்தைப் படித்திருக்கிறது. தோல் இடது கையில் இருந்தால் இடது கைக்காரன் என்று.

"அந்தக் கண்ணாடியச் சித்த குடுங்க."

வாங்கிக் குனிந்தாள். முன்வரிசை, பின்வரிசை, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாருக்கும் தோல் இடது கையில். பின்வரிசைக் கோடியில், தலையைச் சற்றுச் சாய்த்து நிற்கிற ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது வலது கையில் இருந்தது. அவன் நெற்றியில் பொட்டு இல்லை. பூவும் இல்லை.

அப்படியானால் பச்சமுத்து அவன். பொட்டு வைத்த, காது மடங்கின, சோத்தாங்கையால் வீசுகிற ஆள் சடையன்.

மோரோடு சென்னியம்மாள் வந்தாள். பெருமாயி கண்ணாடியைத் துண்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த மோர்ச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பாஷாவுக்குக் கொடுத்தாள். அவள் கையில் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு அரிவாள் இருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் ஒரு குளுமைகூட இருந்தது.

ஆடினவரே வந்து பேர் சொன்னால் நல்லது, தொழுகையை முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு வருகிறேன் என்று பாஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் பெருமாயி வேலைக்குப் போகவில்லை. தன் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எத்தனை வெள்ளிக்கிழமை. எத்தனை அமாவாசை. தனக்கு ஒரு முழம் பூ வாங்கி வராத மனிதன் முகத்துக்கு இவள் கிள்ளிக் கிள்ளி வைத்த பூ எத்தனை. ஆற்றிலிருந்து அவன் தண்ணீர் சுமந்து வந்தால் முதல் குடம் அந்தப் பக்கம்தான் போகும். பாவம், ஆளில்லாதவள் என்று தானும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள். இவளோ முக்காட்டுக்குள் இருந்துகொண்டு, தன்னைச் சாமி கண்ணு என்று கொஞ்சிக்கொண்டு, ஊரறியத் தன் புருஷனைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மனுஷனும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நினைக்க நினைக்க ஒவ்வொரு நாளும் வேறு நாளாக மாறிற்று.

ஆடி அமாவாசைப் படையல் ஞாபகம் வந்தது. படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, வடையும் பாயசமும் வைத்து, கும்பிட்டு முடித்ததும் அந்த இலையில் உட்காருகிறவன் சடையன்தான்.

சடையன் மண்வெட்டியோடு வாசலுக்குள் நுழைந்தபோது, பெருமாயி படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடு வாசலில் நின்றாள்.

"உங்களுக்கு வெச்ச படையலை நீங்களே தின்னவரு இந்தச் சீமையிலயே நீங்க ஒருத்தர்தான் மாமா."

"என்ன பேச்சு இது?"

"தோலு புடிக்கிற கைக்காம். வீசற கைக்கு இல்லியாம். சேலத்துலருந்து ஒரு ஆளு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. கோடியில நிக்கிறாரே, இவருதான் உங்கண்ணன். பூவும் பொட்டுமா நடுவுல நிக்கிறது நீங்க. உசுரோட இருக்கிற என்ற புருசனுக்கு ஒருத்தி சந்தனம் வெக்கறா, நீங்க நெத்தியக் காட்டிட்டு நிக்கறீங்க!"

சடையன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்தது. மறுபடி சாய்த்தான்.

"அக்கா! வெளிய வாங்க. உங்க ஊட்டுக்காரரு யாருன்னு நான் காட்டறேன்."

சென்னியம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எனக்குத் தெரியும் பெருமாயி."

"என்ன தெரியும்?"

"பொட்டு வெச்சிருக்கறது உன்ற புருசனுக்குன்னு. மொத நாளே தெரியும். கட்டுன புருசன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

மத்தியானத்திலிருந்து பெருமாயி தீட்டி வைத்த அரிவாள் காற்றில் போயிற்று.

"தெரிஞ்சே வெச்சீங்களா?"

"அன்னைக்குப் பரிசல் கவுந்துச்சு. மத்தவங்க பொணமெல்லாம் கரை ஒதுங்குச்சு, இவரு மட்டும் ஒதுங்கல. எருக்கங்குச்சியில ஆளாட்டம் கட்டி வெச்சு, இதான் உன்ற புருசன், கொள்ளி வெக்கறோம்னாங்க. செரின்னேன். தாலியக் கழட்டுனாங்க. செரின்னேன். வெள்ளச் சீலையக் குடுத்தாங்க, வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் நம்ம மாமியா சந்தனத்தைக் கையில குடுத்து, படத்துக்குப் பொட்டு வெய்யின்னா. அதுக்கு மட்டும் எனக்குக் கையி வரல." சென்னியம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு நெத்தியில நானே பொட்டு வெச்சா, நானே முடிச்சுட்ட மாதிரி ஆயிருமில்ல?"

"அதுக்கு என்ற புருசன்தான் அகப்பட்டாரா?"

"அப்ப அவன் உனக்குப் புருசன் இல்ல கண்ணு. கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் நின்னான். இவனுக்கு வெச்சா இவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வெச்சுட்டேன். தோலைப் பாத்துட்டு ஊரே அதான் பச்சமுத்துன்னுச்சு. சொல்லட்டும்னு உட்டுட்டேன்."

"நங்கையா அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாங்க," என்றான் சடையன் தரையைப் பார்த்தபடி. அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "வெச்சுக்கங்கன்னேன்."

"எங்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா நீ படத்தைக் கேப்ப."

"கேப்பேன். இப்பக் கேக்கறேன்."

"எடுத்துக்க பெருமாயி," என்றாள் சென்னியம்மாள். "உன்றதுதான்."

சண்டை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று பெருமாயி நினைக்கவில்லை. முந்தானையை எச்சிலில் நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். காய்ந்த பொட்டு உதிர்ந்தது. கீழே இளவயசுச் சடையன் ஒன்றும் தெரியாதவனாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

படம் கைக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. இவள் தன் புருஷன்மேல் ஆசைப்பட்டிருந்தால்கூட மயிரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருக்கலாம். ஆசைப்படவில்லை. அந்த எருக்கங்குச்சியைப் போலக் கையில் கிடைத்த இன்னொரு குச்சியாகத்தான் அவனை வைத்திருக்கிறாள். ஒருத்தன் நெற்றியைத் தொடக் கை வராமல், இத்தனை வருஷம் இன்னொருத்தன் நெற்றியைத் தொட்டிருக்கிறாள். நாளைக்கே தனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் இந்தக் கையும் வராமல் போகுமா? கோடியில் தலை சாய்த்து நிற்கிறவனைப் பார்க்கப் பெருமாயிக்குப் பொறாமையாக இருந்தது. அவன்மேல் பொறாமையா, அவள்மேல் பொறாமையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

சைக்கிள் மணி கேட்டது. பாஷா வந்துவிட்டார்.

வாசலில் நின்ற மூன்று முகங்களையும் பார்த்ததும், தப்பான நேரத்தில் வந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இருட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சடையன் பெருமாயியின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவராக விரல் வைத்துச் சொன்னான். இவர் வெண்ணந்தூர்க்காரர், இவன் காளியப்பன், இது நான். கோடிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது எங்கண்ணன். பச்சமுத்து."

"இருக்காரா, காலமாயிட்டாரா? துரை அதையும் கேப்பார்."

சென்னியம்மாள் நிலைப்படியை விட்டு இறங்கவில்லை. பாஷா வலது கையில் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார்.

பெருமாயி அந்தக் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் கைதான். இரும்பு நகம் மாட்டின கை, தோல் மாட்டின கை, சந்தனம் தொட்ட கை. இப்போது பென்சில் பிடித்த கை. மத்தியானம் கூச்சல் போட்ட கோழி அவள் மனசுக்குள் மறுபடியும் ஒரு தடவை கத்திற்று.

"ஏனுங்க பாஷா, நீங்க சோத்தாங்கைக்காரருதானே?"

"ஆமா தாயி."

"மத்தியானம் ஏன் நொட்டாங்கையில வீசுனீங்க?"

பாஷா யோசித்தார். தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார்.

"அவரு அப்படித்தானே காட்டுனாரு."

"எவரு?"

"அதான் சொன்னேனே, படம் இங்க இருக்குன்னு சொன்ன ஆளு. பள்ளிபாளையத்துல பரிசல் தள்றவர். சோத்தாங்கையில கொட்டாங்குச்சிய மாட்டிக்கிட்டு இடது கையில வீசுனாரு. கல்லு அக்கரைக்கே போயிருச்சு." பாஷா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏன் தாயி? பேரு கேட்டேன், சொல்லாமச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. படம் இருக்கிற வீட்டுல மூத்த மருமக இருக்காங்களா, எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு மட்டும் கேட்டாரு."

சென்னியம்மாள் அழவில்லை. முக்காடு நழுவினதை எடுத்துப் போடவும் இல்லை. வெறும் கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"பள்ளிபாளையத்துக்கு இப்பப் பஸ்ஸு இருக்குங்களா?" என்றாள், ஏதோ சந்தைக்குப் போகிறவளைப் போல.

"இனிக் காலையிலதாம்மா."

பெருமாயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நேரத்துக்குப் பொறாமை, படம், படையல் எல்லாம் மறந்து போயிற்று. போனவன் இருக்கிறான். கூடப் பிறந்தவன் இருக்கிறான். இதைக் கேட்டு அந்த மனிதன் எப்படிக் குதிக்கப் போகிறான் என்று பார்க்கத் திரும்பினாள்.

சடையன் குதிக்கவில்லை. எப்படி, எப்போது, நிஜந்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையிலிருந்த படத்தை எப்போது வாங்கினான் என்றே தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, தன் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியை, வெள்ளிதோறும் சென்னியம்மாளின் விரல் அழுத்தின அதே இடத்தில், துடைத்துக்கொண்டிருந்தான்.

பொட்டு எப்போதோ போய்விட்டது. அவன் நிறுத்தவில்லை.